காலபோக இதழ் அச்சுக்குப் போகிறது

எங்கள் ஊர்ச் சஞ்சிகையின் காலபோக (மழைக்கால நெற்செய்கைப் பருவ) இதழ் இன்று கிளிநொச்சிக்கு, அச்சகத்துக்குப் போகிறது. நடுவில் கம்பிப் பின் அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். கடைசியில் மிஞ்சிய ஒரு பக்கத்தை, சென்ற சிறுபோகத்தில் (கோடை நெற்செய்கையில்) இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எப்படிப் பங்கிடப்பட்டது என்ற விவரத்துக்கே கொடுத்தோம். வாழ்த்து விளம்பரம் தர ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கமக்காரர் பத்திரப்படுத்தி வைப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இணையத்தள வேலை வேறு விதம். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் கோத்ததை அப்படியே ஒட்டினால் தலைப்பு முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிவிடும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, பெயர்களை வரிவரியாகப் பார்க்கிறோம். கனடாவிலிருந்து திறப்பவர்கள் முதலில் தேடுவது மரண அறிவித்தலை; அதில் ஒரு முதலெழுத்து மாறினாலும் பொறுக்க முடியாது.

போரின் கடைசி இடப்பெயர்வில், 2009இல், ஆல்பங்களையெல்லாம் தொலைத்துவிட்டு வந்த ஊர் இது. வெளிநாட்டு உறவினருக்கு முன்பு அனுப்பிய கலியாணப் படங்களின் பின்னணியில்தான் எங்கள் பழைய பாடசாலையும் கோவில் மண்டபமும் மிஞ்சியிருக்கின்றன. அப்படி ஒரு படம் இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கான் செய்து அனுப்புங்கள். திகதியும் பெயர்களும் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.