அம்மாவுக்கு உப்பை மாற்றினேன், பொட்டாசியம் 6.3

அம்மாவுக்கு பிரஷர் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்ட அதே வாரத்தில்தான் அவரை ஐசியூவில் சேர்த்தோம். இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

சித்திரையில் பிரஷர் 168/96. கோபியில் எப்போதும் காட்டும் கிளினிக்கில் டெல்மிசார்டன் 40 என்ற பிரஷர் மாத்திரையை எழுதி, "உப்பைக் குறைங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். உப்பில்லாத அரிசிம்பருப்புச் சாதத்தை அம்மா இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. "சப்புனு இருக்குது அம்மிணி, எறங்கவே மாட்டீங்குது" என்பார். அதனால் கடையில் 'குறை சோடியம்' என்று போட்டிருந்த உப்பை வாங்கி வந்தேன். வெயில் காலம் என்பதால் தினம் இரண்டு இளநீர், ராத்திரி ஒரு பழம். மூன்றே வாரத்தில் 136/84!

அடுத்த நாலாம் நாள், "காலு ரெண்டும் கல்லாட்டம் கனக்குது கண்ணு" என்று திண்ணையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு சாயங்காலம் ரிசல்ட் வாங்கப் போனால், "சாம்பிள் ஒடஞ்சிருச்சுங்க, நாளைக்கு வந்து மறுபடியும் குடுங்க" என்றார்கள். ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ செல் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து பொய்க் கணக்கு காட்டும். அதனால் திரும்ப எடுத்தது சரிதான். ஆனால் அதை மத்தியானமே போன் பண்ணிச் சொல்லியிருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்காது. (ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறந்தாலும் அளவு ஏறிக் காட்டும். அப்படிச் செய்யச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.)

மறுநாள் சாயங்காலம் கவரைக் கையில் கொடுத்தார்கள். வண்டிப் பக்கம் வந்து பிரித்தால் பொட்டாசியம் 6.3, பக்கத்தில் தடித்த எழுத்தில் எச், அதிகம் என்று அர்த்தம். ஐந்துக்கு மேல் போகக் கூடாதது. இப்படி ஒரு எண் வந்தால் உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், யாரும் சொல்லவில்லை. கிளினிக்குக்கு ஓடினால் வாசலில், "டோக்கன் முடிஞ்சுதுங்க, நாளைக்கு வாங்க." கெஞ்சிப் பார்த்தேன், நகரவில்லை. அந்தப் பக்கமாக வந்த நர்ஸக்காவிடம் தாளை நீட்டினேன். எண்ணைப் பார்த்ததும் அம்மாவின் கையைப் பிடித்து நேரே உள்ளே கூட்டிப்போனார். அந்த அக்கா நன்றாக இருக்க வேண்டும். ஈசிஜி எடுத்த கையோடு ஈரோட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி, இன்சுலினோடு குளுக்கோஸ், ஒரு ராத்திரி ஐசியூ. காலையில் 5.2.

"வீட்டுல என்ன உப்புங்க போடறீங்க?" என்று முதன்முதலாகக் கேட்டது அங்கிருந்த டியூட்டி டாக்டர்தான். வீட்டுக்காரரைப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கடுகளவு எழுத்தில் 'பொட்டாசியம் குளோரைடு'. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அம்மாவுக்கு 1.7, அதிகம். ஆறு மாதத்துக்கு முன்பே 1.5 இருந்திருக்கிறது. அந்த ரிப்போர்ட் பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடந்தது, நான் கொண்டுபோய்க் காட்டவே இல்லை. கிட்னி பலவீனம், பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தும் டெல்மிசார்டன் மாத்திரை, அதற்கு மேல் நான் ஊட்டிய, பொட்டாசியம் நிறைந்த உப்பும் இளநீரும்.

அந்த உப்பே கெட்டது என்று சொல்ல வரவில்லை. சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பிரஷர் ஏறும். பொட்டாசியம் அந்தச் சோடியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும், ரத்தக் குழாயையும் தளர்த்தும். சீனாவில் 600 கிராமங்களில் இப்படிப்பட்ட உப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது, பக்கவாதம் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025-இல் இதைப் பரிந்துரைத்தது, ஆனால் கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு இல்லை என்று சொல்லித்தான். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்து, டாக்டரைக் கேட்காமல் உப்பை மாற்றாதீர்கள். இந்துப்பு வாங்கியும் ஏமாறாதீர்கள், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

உப்புக் கணக்குக்கு நான் கண்டுபிடித்த வழி, பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே எழுதிவிடுவது. ஆளுக்கு நாளுக்கு 5 கிராம்தான் அளவு. நாங்கள் நாலு பேர், ஒரு கிலோ முப்பதே நாளில் தீர்ந்தது. ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல், ஊறுகாயும் அப்பளமும் சேர்க்காமலே! இப்போது சாதா உப்பையே குறைத்துப் போட்டு, எலுமிச்சம்பழம், மிளகு, கொத்தமல்லியால் ருசியை ஈடுகட்டுகிறேன். நாற்பத்தைந்து நாளைத் தாண்டியும் பாக்கெட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அம்மாவுக்கான காய்களை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன், பொட்டாசியம் கொஞ்சம் குறையும்.

மாத்திரையை அம்லோடிபினுக்கு மாற்றினார்கள், பிரஷர் 138/82. நேற்று பாதி மோர் மிளகாயாவது கொடு என்று கேட்டார். கால் துண்டு கிள்ளி வைத்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் தேதிவாரியாக ஒரே பைலில் போட்டு வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.