கேட்டால் மட்டும் சொல்லலாம்

ஒரு பார்மசிஸ்டின் நாளில் பாதி போனிலேயே போய்விடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குப் புதிதாக ஒரு ஆன்டிபயாடிக் எழுதியிருப்பார்கள், குழந்தையின் எடைக்கு டோஸ் பொருந்தாது. உடனே டாக்டர் அலுவலகத்தைக் கூப்பிடுவோம். நான் வேலை பார்க்கும் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2022இல் இரண்டே இரண்டு மாத்திரைகளுக்கு மட்டும் இந்தப் பேச்சுக்கு வாய்ப்பூட்டு போட்டது: ஐவர்மெக்டின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். இரண்டுமே வேறு நோய்களுக்கான மருந்துகள், கோவிடுக்கு எழுதப்பட்டு வந்தவை. "இது பலன் தராது" என்று வாதிட டாக்டரையோ நோயாளியையோ நாங்களாகத் தொடர்புகொள்ளக் கூடாது. அவர்களே கேட்டால் சொல்லலாம்.

ஆஃப்-லேபிளாக, அதாவது அங்கீகரிக்கப்படாத வேறொரு நோய்க்கு ஒரு மருந்தை எழுதுவதில் எனக்குச் சண்டை இல்லை. மேடை நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலால், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் என்று அன்றாடம் எடுத்துக் கொடுப்பவைதான், சட்டமும் தடுப்பதில்லை.

சிக்கல் டோஸில் வந்தது. குடல் புழுவுக்கு ஐவர்மெக்டின் என்றால், 70 கிலோ ஆளுக்கு 3 மில்லிகிராம் மாத்திரை ஐந்து, ஒரே வேளை, அத்தோடு சரி. கோவிட் சீட்டுகளிலோ அதே அளவோ இரு மடங்கோ, தொடர்ந்து ஐந்து நாள். "ஏன் இவ்வளவு?" என்று நான் கேட்டால் அது பாதுகாப்பு பற்றிய கேள்வியா, பலன் பற்றிய வாதமா? டோஸையும் மற்ற மருந்துகளையும் மட்டும் பேசு, கோவிட் என்ற பேச்சையே எடுக்காதே என்றார் கூட வேலை பார்த்த சீனியர். அப்படித்தான் பேசினேன். எதிர்முனையில் இருந்தவருக்கும் விஷயம் புரிந்தே இருக்கும்.

2020 மார்ச்சில் காற்று நேரெதிராக வீசியது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு எல்லோரும் பாய்ந்ததில் அதை வழக்கமாகச் சாப்பிடும் லூபஸ் (நோயெதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) நோயாளிகளுக்கு மாத்திரை கிடைக்கவில்லை. ஒஹையோ மருந்தக வாரியம் சீட்டில் நோயைக் குறிப்பிட வேண்டும், கோவிட் என்றால் பரிசோதனை முடிவு வேண்டும், 14 நாளுக்கு மேல் தரக்கூடாது என்றது. அதுவும் அரசுத் தலையீடுதான். ஆனால் அது எங்களைக் கூடுதலாக விசாரிக்கச் சொன்னது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதைக் கோவிடுக்குத் தரக் கொடுத்த அவசர அனுமதியும் அந்த ஜூன் 15இல் ரத்தாகிவிட்டது.

மிசௌரி சட்டத்தை எதிர்த்து ஒரு பார்மசிஸ்ட் வழக்குப் போட்டார். பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2023 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வாய்ப்பூட்டை நிறுத்திவைத்தது. அப்புறம் 2025இல் ஐடஹோவும் ஆர்கன்சாவும் ஐவர்மெக்டினுக்குச் சீட்டே வேண்டாம் என்று சட்டம் போட்டன. அங்கே கூப்பிட்டுக் கேட்க டாக்டரே கிடையாது. எடை என்ன, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கவுண்டரிலேயே விசாரிக்க வேண்டியதுதான், வந்தவர் நின்று பதில் சொன்னால்.