ரெண்டும் இடது கால்

என் வகுப்பில் செருப்பு வரிசை விளையாட்டை இந்த ஆண்டு இன்னும் நடத்தவில்லை. பிள்ளைகளைக் கவனிக்கப் பழக்கும் மற்ற விளையாட்டெல்லாம் நடக்கிறது. துணிப்பைக்குள் கைவிட்டுப் புளியங்கொட்டையா சோழியா என்று தடவிச் சொல்வது, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற சத்தங்களைச் சொல்வது, தட்டில் பரப்பிய பொருள்களில் ஒன்றை ஒளித்துவிட்டு எதைக் காணோம் என்று கேட்பது. செருப்பு வரிசைக்கு வரும்போது மட்டும் கை பின்வாங்குகிறது.

அதற்குச் செலவே கிடையாது. வகுப்பு வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்க வேண்டும். பிள்ளைகள் நன்றாகப் பார்த்த பிறகு திரும்பி நிற்கச் சொல்லி, ஒன்றை இடம் மாற்ற வேண்டும். எது மாறியது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக இதை நடத்திய அன்று நான் ஒரு சிவப்புச் செருப்பை மாற்றியிருந்தேன். திரும்பியதும் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் வேறு இடத்தைக் காட்டி, “அந்த நீலச் செருப்பு ரெண்டும் இடது கால் டீச்சர்” என்றாள்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான். ஒரே நீலம், ஒரே அளவு. பெருவிரல் பக்கத்து வளைவு இரண்டிலும் ஒரே பக்கம் இருந்தது. ஒன்றில் வார் பிய்ந்து, அடியில் ஊக்கு மாட்டியிருந்தது. செருப்புக்குச் சொந்தக்காரன் அங்கேயேதான் நின்றான். “உனக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று அவளைக் கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் உள்ளே புகுந்து, “சரி சரி, நான் மாத்தினது எது? அதைச் சொல்லுங்க” என்று ஆட்டத்தை நகர்த்திவிட்டேன்.

சத்துணவுக்கு எல்லோரும் போன பிறகு அவள் வந்தாள். “நான் பார்த்தது தப்பா டீச்சர்?”

“பார்த்தது தப்பில்லம்மா. எல்லாத்தையும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு இல்ல.”

“சரி டீச்சர்.” அவ்வளவுதான், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஒரு சிரிப்பு கிளம்பினால் அது பட்டப்பெயராகிவிடும். ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் ஐந்தாம் வகுப்பு முடிந்தாலும் போகாது. அப்படி அவதிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டின் இல்லாமை வாசலில் செருப்பாகக் கிடக்கும்போது, அதை ஊர் கூடிப் பார்க்க விடக் கூடாது. அந்த நொடியில் அவனைக் காப்பாற்றுவதுதான் என் வேலை என்று நினைத்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை. இதைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. ‘உனக்கு எப்படித் தெரிஞ்சது’ என்று அவன் கேட்டது என் காதில் கூச்சமாக விழுந்தது. யோசிக்க யோசிக்க, அது வெறும் ஆச்சரியமாகவும் இருந்திருக்கலாம் என்று படுகிறது. தானே தினமும் மாட்டி நடக்கிற செருப்பில் இன்னொருத்தி இதைக் கண்டுபிடித்துவிட்டாளே என்ற ஆச்சரியம். அவள் வளைவைக் காட்டி விளக்கியிருப்பாள், மற்ற பிள்ளைகளும் தங்கள் செருப்பைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். அந்த வகுப்பில் அதைவிட நல்ல பாடம் அமைந்திருக்காது. அல்லது அவன் அழுதும் இருப்பான். எது என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆசிரியர் முதலில் பிள்ளையைக் கவனிக்கப் பழக வேண்டும், ஒன்றில் ஈடுபட்டிருக்கும் பிள்ளைக்குக் குறுக்கே போகக் கூடாது என்பது அவருடைய வழி. படிக்கும்போது தலையாட்டிவிடுகிறோம். ஒரு பிள்ளை கவனித்த விஷயம் இன்னொரு பிள்ளையின் வறுமையாக இருந்தால் அப்போதும் குறுக்கே போகாமல் நிற்க வேண்டுமா?

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிரிக்கிற நிலைகளில் அவள் அப்போது தொடக்க நிலையான அரும்பு, எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் திணறுவாள். ஆனால் வேப்பிலை ஒன்றைக் கையில் கொடுத்து, “என்னவெல்லாம் தெரியுது?” என்று கேட்டபோது மற்றவர்கள் பச்சை, கசப்பு, ஓரத்தில் பல் என்று நிறுத்திக்கொள்ள, அவள் நடு நரம்பின் அடியில் விரலை வைத்து, “இந்தப் பக்கம் கீழ வரைக்கும் வருது, அந்தப் பக்கம் வரல” என்றாள். வேப்பிலையின் அடிப்பகுதி அப்படிக் கோணலாகத்தான் இருக்கும். பெரியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம்? அன்று வகுப்பே கைதட்டியது. ‘இது என்ன’ என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். ‘என்ன தெரியுது’, ‘வேற?’, ‘அப்புறம்?’ என்று கேட்டால்தான் கண் மேலும் போகிறது. அவளை அப்படிக் கேட்டுக் கேட்டுப் பேச வைத்தது நான்தான். இலைக்குக் கைதட்டல், செருப்புக்கு ‘எல்லார் முன்னாடியும் வேண்டாம்’. ஏழு வயதில் இந்த வித்தியாசம் அவளுக்கு எப்படிப் புரியும்?

புரிந்தும் இருக்கலாம். இலைக்கு வலிக்காது, ஆளுக்கு வலிக்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல. அப்படியானால் நான் சொன்னது சரியான பாடமே.

பையனுக்கு வேறு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அதைச் சொன்னால் கதை நல்லபடியாக முடிந்தது போலத் தோன்றும். ஆனால் அந்த ஜோடி அவனுக்குக் கிடைத்ததே அவள் எல்லார் முன்னாடியும் சொன்னதால்தான். தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் நானும் உள்ளே வருகிறேன், என் கண்ணில் அது படவே இல்லை.

கூட வேலை பார்க்கும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, “ஆளுங்களைப் பத்தி ஏதாவது கவனிச்சா ரகசியமா உன்கிட்ட மட்டும் வந்து சொல்லச் சொல்லு” என்றார். சரியென்றுதான் முதலில் பட்டது. அப்புறம் யோசித்தால், அது பிள்ளைகளைக் கோள் சொல்லப் பழக்குவதில் போய் முடியுமோ என்று தயக்கம். செருப்புக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கலாம் என்றும் அவர் சொன்னார். எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு, வம்பு வராது. ஆனால் ஒரே மாதிரி இருப்பதில் கவனிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதற்கு அவரிடமும் பதில் இல்லை.