மூன்றாம் மாடிக்கு வந்த மாப்பிள்ளை

ஜூன் 8, 2024, சனி

நாய் வேண்டும் என்று மகள் கேட்கத் தொடங்கி ஒரு வருடமாகிறது. வெள்ளவத்தையில், தொடர்மாடியில், அதுவும் மூன்றாம் மாடியில் நாய்க்கு அனுமதியில்லை. பூனைக்கு மாமி அனுமதி தரமாட்டார். இழுபறிப்பட்டுக் கடைசியில் எல்லோரும் ஒரு மீனில் வந்து நின்றோம்.

காலையில் மகளும் நானும் தெஹிவளைக்குப் போனோம். நான் ஆசையாகக் கையில் எடுத்த உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கடைக்கார நானா மெல்ல வாங்கித் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். "இதில் பூ வைக்கலாம் தம்பி, மீன் வைக்கக்கூடாது." விற்கிறவரே இப்படிச் சொன்னால் என்ன செய்வது? இருபது லீற்றர் தொட்டி, மூடி, காற்றுக்குழாயில் மாட்டும் பஞ்சு வடிகட்டி என்று பட்டியல் நீண்டது. எல்லாம் வாங்கிய பிறகுதான் மீன் இன்றைக்கு இல்லை என்றார். தொட்டி ஒரு வாரம் ஓட வேண்டுமாம். தன்னுடைய பழைய தொட்டியிலிருந்து மண்ணிறப் பஞ்சு ஒன்றை எடுத்துப் பாதியாக வெட்டி, தண்ணீரோடு பையில் கட்டித் தந்தார். குளத்துச் சேற்று மணம். "இதைப் புதுப்பஞ்சோடு சேர்த்து வையுங்கள். தொட்டியின் உயிரே இதில்தான் இருக்கிறது."

கடையில் மகள் நெடுநேரம் நின்றது சின்னஞ்சிறு சிவப்பு மீன் கூட்டம் ஒன்றின் முன்னால். லே தித்தையா என்றார் நானா. இந்தத் தீவின் தென்மேற்கு ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன் அது. 1929 இல் விலங்கியலாளர் தெரணியகல அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோதும் தித்தையா என்ற சிங்களப் பெயரை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டார். கூட்டமாகத்தான் சந்தோஷமாக இருக்கும், உங்கள் தொட்டி போதாது என்று சொல்லிவிட்டார் நானா. எங்களுக்கு விதித்தது தாய்லாந்துக்காரச் சண்டைமீன்.

மீன் வாங்கப் போய் நாறுகிற பஞ்சோடு திரும்பிய மகள் 101 பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை என்னோடு பேசவில்லை.

ஜூன் 15, சனி

வந்துவிட்டார். கடும் நீல உடம்பு, ஓரத்தில் சிவப்போடிய செட்டைகள். பஸ்ஸில் பையை மகள் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிரேக் போடும்போதெல்லாம் பையைத் தூக்கிப் பிடித்தாள், தான் சாய்ந்தாலும் அது சாயாதபடி. பக்கத்து இருக்கை அம்மா தன் மரக்கறிப் பையை ஒதுக்கி இடம் விட்டார்.

பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டோம். பிறகு தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பைக்குள் ஊற்றி, கடைசியில் மீனை மட்டும் உள்ளே விட்டோம். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. கொழும்பு வெக்கையில் சூடேற்றி தேவையில்லை என்பது ஒரு மிச்சம்.

ஐந்து நிமிடத்தில் மகள் அலறினாள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. அதன் சுபாவமே அதுதான். செவுளைத் தவிர, காற்றிலிருந்து நேராக மூச்செடுக்க இந்தச் சாதிக்குத் தலைக்குள் தனி உறுப்பு ஒன்று உண்டு. அதனால்தான் மூடிக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னார் நானா. மூடி கட்டாயம், இது குதிக்கும்.

மாமி கதிரையை இழுத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். தொட்டியைச் சுற்றி ஒரு நடை, கண்ணாடியில் தன் நிழலைக் கண்டதும் செவுளை விரித்து ஒரு முறைப்பு, போட்ட உணவைத் தின்னாமல் முகத்தைத் திருப்புதல். "கலியாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரியே இருக்கிறது" என்றார். பெயர் அதோடு நிலைத்துவிட்டது. என்னை மாமி தம்பி என்றுதான் அழைப்பார், ஆகையால் குழப்பம் வராது என்று நினைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

வருகிறது. "மாப்பிள்ளைக்குச் சாப்பாடு வைத்தாயிற்றா?" என்று மாமி குசினியிலிருந்து கேட்க, "இன்னும் இல்லை" என்று நான் அறையிலிருந்து பதில் சொன்னேன். மீனுக்குத்தான் வைத்தார்கள்.

விசாரித்ததில், காலையில் மகள், அவள் பள்ளிக்குப் போனதும் மாமி, வேலையால் வந்ததும் மனைவி என்று ஆளுக்கொரு தரம் போட்டிருக்கிறார்கள். இதன் வயிறு அதன் கண்ணளவுதான். காலை இரண்டு உணவுமணி, மாலை இரண்டு உணவுமணி, அவ்வளவே கணக்கு. மிச்சமெல்லாம் அடியில் ஊறிக் கிடந்தது. உணவு டப்பா இப்போது என் அலுமாரியில்.

ஜூன் 21, வெள்ளி, பொசன் போயா

விடுமுறை. வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை ஏதாவது செய்ய வேண்டும் என்று தொட்டியைச் சுத்தம் செய்தேன். கூழாங்கற்களைத் தேய்த்தேன். இரண்டு பஞ்சையும் கழற்றிக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, சேறெல்லாம் போய்ப் புதிதுபோல வரும்வரை கழுவினேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. மனைவி பாராட்டினாள். இரவு மகளைக் கூட்டிக்கொண்டு காலி வீதிக்கு வெளிச்சக்கூடுகள் பார்க்கப் போனேன்.

ஜூன் 24, திங்கள்

நேற்று மாமி தொட்டிக்குள் குனிந்து பார்த்துச் சொன்னார்: "செவுள் என்ன சிவப்பு! சந்தையில் இப்படி ஒரு மீனைக் கண்டால் விலை பேசாமல் வாங்குவேன்." அறக்குளாவோ விளைமீனோ ஒட்டியோ, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மாமி ஒரு நாளும் வாங்கியதில்லை. அந்தக் கண்ணில் இவர் தேறிவிட்டார் என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

இன்று மாலை வேலையால் வந்தால், மாப்பிள்ளை அடியில் சரிந்து கிடக்கிறார். விசிறிபோல விரிந்திருந்த செட்டைகள் மடிந்து உடம்போடு ஒட்டிவிட்டன. இடைக்கிடை மேலே வந்து காற்றெடுத்துவிட்டு, கல் விழுவதுபோல மீண்டும் கீழே.

நானாவைத் தொலைபேசியில் பிடித்தேன். "செவுள் எப்படி இருக்கிறது?" என்றார். "நன்றாகச் சிவந்திருக்கிறது" என்றேன், நல்ல செய்தி சொல்லுகிற குரலில். அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "பஞ்சைக் கழுவினீர்களா தம்பி? எந்தத் தண்ணீரில்?"

கூண்டில் ஏறிய சாட்சிபோல எல்லாவற்றையும் சொன்னேன். மீன் தன் செவுள் வழியே அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும், ஊறிய உணவிலிருந்தும் அது வரும். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும்போதே செவுளைச் சுட்டுவிடும். அதை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு கெடுதியில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பக்டீரியாக்கள் குடியிருந்தது நான் சேறு என்று கழுவிக் கொட்டிய அந்த மண்ணிறத்தில். புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். லபுகமவிலிருந்தும் களனி கங்கையிலிருந்தும் இந்த நகரத்துக்கு வரும் தண்ணீரில் குளோரின் கலப்பது கிருமி கொல்ல. அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது.

செத்த மீனில் சிவந்த செவுள் நல்ல சகுனம், உயிருள்ள மீனில் சுட்ட புண். மாமியிடம் இதைச் சொன்னேன். எதுவும் பேசாமல் கதிரையைத் தொட்டிக்கு இன்னும் கிட்ட நகர்த்தினார்.

இரவே ஆட்டோவில் போய்ச் சோதனைத் துளிகள் வாங்கி வந்தேன். சிறு குழாயில் தொட்டித் தண்ணீர், அதில் துளிகள், ஐந்து நிமிடம். மஞ்சளாக நின்றால் நல்லது. எங்களுடையது வல்லாரைச் சாறு நிறத்தில் நின்றது. நானா தன் தொட்டியிலிருந்து இன்னொரு பஞ்சும் வெட்டித் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். குளோரின் நீக்கும் மருந்து இரண்டு சொட்டு விட்ட தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றியபோது மணி பதினொன்று.

ஜூன் 25, செவ்வாய்

பாதித் தண்ணீர் மாற்றம். சாப்பாடு இல்லை. மகள் பள்ளிக்குப் போகுமுன் கண்ணாடியில் விரலை வைத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

குளோரின் பறக்கட்டும் என்று நானா சொன்னபடி பல்கணியில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். இன்று பார்த்து டெங்குச் சோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்திருக்கிறார். நான் வேலையில். திறந்த வாளிகள் ஐந்து வரிசையாக! நுளம்புக் குடம்பி ஒன்று அகப்பட்டிருந்தால் எங்கள் கதி அவ்வளவுதான்.

மாமி அவரை வாளிகளைத் தாண்டி நேரே தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அரைகுறைச் சிங்களத்தில் "நோயாளி" என்று அறிமுகம் செய்தாராம். அந்த மனிதர் குனிந்து பார்த்து, தன் வீட்டிலும் கப்பி மீன் வளர்ப்பதாகச் சொல்லி, வாளி ஒவ்வொன்றிலும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வலை போட்டு இறுக்கி மூடுங்கள், இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். மாலையில் வந்து பார்த்தால் மாமியின் பழைய நுளம்பு வலை ஐந்து துண்டாக வெட்டப்பட்டு, வாளிகளின் வாயில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

துளிச் சோதனையில் பச்சை வெளிறுகிறது.

ஜூலை 1, திங்கள்

காலையில் ஓர் உணவுமணியைப் போட்டேன். பார்த்தார். கீழே போகவிட்டார். பிறகு துரத்திப்போய் விழுங்கினார். வீடு முழுக்கக் கேட்கும்படி மகள் கத்தியதில் கீழ்மாடிக்காரர் என்னவென்று மேலே வந்துவிட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

தண்ணீரின் மூலையில் வெள்ளை நுரை. சவர்க்காரக் கையைத் தொட்டிக்குள் விட்டேன் என்று மூன்று பெண்களும் ஒருமித்து என்னைப் பார்த்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கடுகளவு குமிழிகள், ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் முடைந்ததுபோல. மாப்பிள்ளை மேலே வந்து காற்றை வாயில் வாங்கி, குமிழியாக்கி, பாயின் ஓரத்தில் துப்பிவிட்டுத் திரும்பினார். செட்டைகள் முழுதாக விரிந்திருந்தன.

நானா தொலைபேசியில் சிரித்தார். கூடு கட்டுகிறாராம். பெண் வந்து முட்டையிட்டால், விழும் முட்டைகளைப் பொறுக்கி இந்தக் குமிழிகளில் வைத்துக் காவல் காப்பது ஆண்தான். பெண் இல்லாவிட்டாலும் கட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் பெண் பார்ப்போம் என்றாள் மகள். வேண்டவே வேண்டாம், இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் கடித்துக் குதறிவிடும் என்றார் நானா.

மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூட்டை நன்றாகப் பார்த்தார்.

"பெண் வீட்டாரிடம் கேட்காமல் வீட்டைத் தானே கட்டுகிறார், பார்த்தீர்களா" என்றார்.

நாங்கள் இருப்பது மாமி தன் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு. நான் வாளியை எடுத்துக்கொண்டு பல்கணிப் பக்கம் போனேன்.