பழைய வேனின் கூரையில் வெயில்

எங்கள் பழைய கேம்பர் வேனுக்கு 200 வாட் சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தியபோது, அதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று நான் வீணாக மண்டையை உடைத்துக்கொண்டேன். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கில் இருக்கும் பினாங்கில் அதைக் கூரையோடு கிடையாகப் படுக்க வைத்தாலே போதும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. தகட்டின் திறனை 25 பாகை செல்சியஸில்தான் அளந்து எழுதுகிறார்கள். நண்பகலில் அது 60 பாகைக்குச் சுடும்போது, ஒவ்வொரு கூடுதல் பாகைக்கும் சுமார் 0.4 விழுக்காடு குறைவதால், ஏழில் ஒரு பங்கு மின்சாரம் அங்கேயே போய்விடுகிறது. ஆகவே தகட்டைக் கூரையில் ஒட்டிவிடாமல், அடியில் காற்று புகுந்து செல்லும்படி தாங்கிகளின் மேல் நிறுத்தினேன்.

என் பெரிய தவறு வேறொன்று. லித்தியம் பேட்டரியை, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைத்துவிட்டேன். பழைய ஈய பேட்டரி நிறைய நிறையத் தானே அடங்கிவிடும்; இதுவோ கடைசிவரை மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கும். பட்டர்வொர்த் தாண்டுவதற்குள் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகல் வாசனை வந்துவிட்டது, மனைவியின் பார்வையும் கூடவே. இப்போது இரண்டுக்கும் நடுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று இருக்கிறது. பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸும் இருக்கிறது.

பாலிக் புலாவில் டுரியான் மரநிழலில் வண்டியை நிறுத்துவதைத்தான் இன்னும் விட முடியவில்லை.