முதலில் நாற்காலி, அப்புறம் சமையல் மேடை

புளோக்குக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சிக் கருவிகளில் வயதான அப்பா அம்மாவை ஏற்றிவிடுவதற்கு முன், வீட்டு நாற்காலியில் தொடங்குங்கள். சக்கரமில்லாத, கனமான நாற்காலி. நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், சறுக்கும்.

இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காரணும். பாதங்கள் இடுப்பகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து எழணும். பலர் சொதப்புவது இங்கேதான்: சாயாமல் விறைப்பாக எழப் பார்த்து, தொப்பென்று திரும்ப உட்கார்ந்துவிடுவார்கள். இறங்கும்போது மனசுக்குள் மூன்று எண்ணணும். தொடைக்கு நல்ல வேலையே அந்த மெதுவான இறக்கத்தில்தான். 8 முதல் 10 தடவை. மூச்சை அடக்கக் கூடாது, அதனால் வாய்விட்டு எண்ணச் சொல்லலாம்.

அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு குதிகாலை மற்ற பாதத்தின் விரல்நுனியோடு ஒட்டி, நேர்கோட்டில் நிற்கணும். பார்வை எதிரே, தரையில் இல்லை. காலில் தொளதொள ஸ்லிப்பரோ வெறும் சாக்ஸோ கூடாது. தள்ளாட்டம் குறையக் குறைய, பிடியை இரண்டு விரலாக்கலாம். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். கையை விட்டு 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து கூடுதல், பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

எழுந்ததும் தலைசுற்றுகிறதா? அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரையாலும் வரலாம்.

குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்துப் பழக விடாதீர்கள், ஆள் பாரம் தாங்காது. கைப்பிடி பொருத்த, தரையை வழுக்காமல் ஆக்க சிங்கப்பூர் வீவக-வின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈஸ் (EASE) திட்டத்தில் மானியம் உண்டு.