பழைய சர்வரின் கடவுச்சொற்களைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோவது

பழைய லினக்ஸ் சர்வரில் சில நூறு பயனர்கள் இருக்கிறார்கள், புதிய பதிப்பில் கடவுச்சொல் முறை வேறு. உடனே எழும் கேள்வி, அத்தனை பேருக்கும் புதுக் கடவுச்சொல் கொடுத்தாக வேண்டுமா என்பது. பெரும்பாலும் வேண்டாம். கடவுச்சொல் விவரங்களைச் சேமிக்கும் ஷேடோ கோப்பில் இருப்பதை எழுத்து மாறாமல் எடுத்துப்போனாலே உள்நுழைய முடியும். ஆனால் எந்தத் திசையில் போகிறீர்கள், கூட என்னென்ன எடுத்துப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

என்கிரிப்ஷன் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது ஹேஷ், அதாவது கடவுச்சொல்லிலிருந்து ஒருவழியாகக் கணக்கிட்ட சரம். அதைத் திருப்பிக் கடவுச்சொல்லாக மாற்றும் சாவி எங்கும் கிடையாது. ஆகவே ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றித் தரும் கருவியும் கிடையாது, தேடி நேரம் போக்க வேண்டாம். நமக்குக் கைகொடுப்பது வேறொன்று: ஏறக்குறைய ஒவ்வொரு ஹேஷும் தான் எந்த முறையில் ஆனது என்பதைத் தன் முன்னொட்டிலேயே சொல்லிவிடுகிறது.

ஷேடோ கோப்பின் ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரிந்த ஒன்பது புலங்கள். இரண்டாவது புலத்தைப் பாருங்கள். $1$ என்று தொடங்கினால் எம்டி5. $5$ என்றால் ஷா-256, $6$ என்றால் ஷா-512. இந்த இரண்டும் 2007இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.7இல் வந்தவை, தனியாகக் குறிப்பிடாவிட்டால் கணக்கீடு 5000 சுற்று ஓடும். $2 என்று தொடங்கினால் பிகிரிப்ட். டாலர், ஒய், டாலர் என்றால் யெஸ்கிரிப்ட். டெபியன் 11, உபுண்டு 22.04 முதல் இயல்பாக இதுதான். முன்னொட்டே இல்லாமல் சரியாக 13 எழுத்து இருந்தால் அது பழைய டெஸ். முதல் இரண்டு எழுத்து சால்ட் (ஹேஷ் கணக்கில் கலக்கும் தற்செயல் எழுத்துகள்), மீதி 11 ஹேஷ்.

உள்நுழையும்போது கிரிப்ட் நூலகம் இந்த முன்னொட்டைப் படித்து, அதே முறையில், அதே சால்ட்டுடன் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. லாகின்.டெஃப்ஸ் கோப்பில் உள்ள என்கிரிப்ட் மெத்தட், உள்நுழைவைச் சரிபார்க்கும் பாம் அமைப்பில் பாம் யூனிக்ஸ் வரியின் கடைசியில் வரும் ஷா512 அல்லது யெஸ்கிரிப்ட் போன்ற சொல், இவை எல்லாம் இனிமேல் உருவாகப்போகும் ஹேஷுக்கு மட்டும்தான். ஏற்கனவே இருக்கும் ஹேஷைச் சரிபார்க்கும்போது அவற்றை யாரும் பார்ப்பதில்லை. 'புதிய சர்வரை எம்டி5க்கு மாற்றினால்தான் பழைய கடவுச்சொல் வேலை செய்யும்' என்ற அறிவுரையைப் பின்பற்றினால் நடப்பது ஒன்றுதான்: இனி வைக்கும் புதுக் கடவுச்சொற்களும் பலவீனமாகும்.

பழையதிலிருந்து புதியதற்குப் போவது எளிது. தலைகீழாகப் போனால் சிக்கல். உபுண்டு 22.04இல் உருவான யெஸ்கிரிப்ட் ஹேஷை சென்ட்ஓஎஸ் 7இல் ஒட்டினால் அங்குள்ள ஜிலிப்சிக்கு அந்த முன்னொட்டே தெரியாது. பயனருக்குக் கிடைப்பது 'கடவுச்சொல் தவறு' என்ற வழக்கமான பதில் மட்டும். காரணத்தை யாரும் சொல்லமாட்டார்கள். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டியிலிருந்து வரும் பிகிரிப்டுக்கும் இதே கதி, ஏனென்றால் மூல ஜிலிப்சியில் பிகிரிப்ட் எப்போதுமே இருந்ததில்லை. லிப்எக்ஸ்கிரிப்ட் என்ற மாற்றுக் கிரிப்ட் நூலகம் வந்த பிறகே அது சரியானது. பழையதும் புதியதும் சில மாதம் ஒரே ஹேஷைப் பகிர்ந்து ஓட வேண்டும் என்றால், புதியதையும் ஷா-512இலேயே நிறுத்தி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

முன்னோக்கிப் போகும்போதும் ஒரு விதிவிலக்கு உண்டு: அமெரிக்க அரசின் குறியாக்கத் தரத்தைக் கட்டாயமாக்கும் ஃபிப்ஸ் பயன்முறை. அது இயங்கும் கணினியில் எம்டி5, டெஸ் இரண்டும் சரிபார்ப்புக்குக்கூட மறுக்கப்படலாம். அப்படியானால் அந்தப் பயனர்களுக்குப் புதுக் கடவுச்சொல்தான் வழி.

இனி வேலை. ஷேடோ கோப்பை முழுதாக மேலெழுதாதீர்கள். புதிய பதிப்பின் சிஸ்டம் கணக்குகள் பழையதில் இருக்காது. முழுக் கோப்பையும் மாற்றினால் சில சேவைகள் எழவே எழாது. மனிதப் பயனர்களின் வரிகளை மட்டும் பயனர் எண்ணை வைத்துப் பிரித்தெடுத்து, பாஸ்வேர்டு, ஷேடோ, குரூப், ஜிஷேடோ என்ற நான்கு கோப்புகளின் இறுதியிலும் சேர்க்க வேண்டும். அதற்கு முன் நான்குக்கும் நகல் எடுத்துவிட்டு, முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக ஒரு அமர்வைத் திறந்தே வைத்திருங்கள்.

பயனர் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ரெட்ஹேட் 6 வரை சாதாரணப் பயனர்கள் 500இல் தொடங்கினார்கள். 7 முதல் 1000. பழைய 500 முதல் 999 வரையிலான எண்களைப் புதிய கணினி சிஸ்டம் கணக்கு என்று நினைக்கும், அங்கே 999இலிருந்து கீழ்நோக்கி ஒதுக்கப்படும் சேவைக் கணக்குகளுடன் மோதவும் கூடும். எண்ணை மாற்றுவது என்று முடிவெடுத்தால், ஹோம் அடைவு மட்டுமல்ல, அஞ்சல் பெட்டி, நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகள், பகிர்ந்த வட்டுகள் எல்லாவற்றிலும் கோப்பு உரிமையை மாற்ற வேண்டும். எண்ணை மாற்றாமல் வைத்தால், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கில் பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் காக்கும் தெரிவைக் கொடுங்கள்.

சேர்த்ததும் இந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் பிடபிள்யூசிகே, ஜிஆர்பிசிகே இரண்டையும் ஓட்டுங்கள். புலம் குறைந்த வரி, இரட்டைப் பெயர், இல்லாத குழு எல்லாம் வெளியே வரும். அனுமதியையும் பாருங்கள். டெபியன் வகையில் ஷேடோ கோப்பு 640, குழு ஷேடோ. ரெட்ஹேட் வகையில் 000, எல்லாம் ரூட். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இயங்கினால், கோப்புக் குறிகளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டாமல் விடாதீர்கள். கோப்பின் அடையாளக் குறி தவறினால் ஹேஷ் சரியாக இருந்தும் யாரும் உள்ளே வரமுடியாது.

கோப்பைத் தொடத் தயங்குபவர்கள் பலருக்கு ஒரேயடியாகக் கடவுச்சொல் வைக்கும் சிஎச்பாஸ்வேர்டு கட்டளையை, தருவது ஏற்கனவே ஹேஷ்தான் என்று சொல்லும் தெரிவுடன் பயன்படுத்துவார்கள். வேலை செய்யும், ஆனால் கடைசியாக மாற்றிய தேதி என்ற மூன்றாவது புலம் இன்றைய தேதியாகிவிடும். கடவுச்சொல் காலாவதிக்கான நாட்கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்தத் தெரிவை மறந்தால் இன்னும் மோசம்: ஹேஷ் சரமே கடவுச்சொல்லாக எடுத்துக்கொள்ளப்பட்டு மறுபடி ஹேஷ் ஆகும்.

பயனர் கணக்கைத் திருத்தும் யூசர்மாட் கட்டளை வழியாக ஒற்றைக் கணக்குக்கு ஹேஷ் கொடுப்பவர்கள் அடிக்கடி விழும் குழி, மேற்கோள்குறி. இரட்டை மேற்கோளுக்குள் $6 என்று எழுதினால் ஷெல் அதைத் தன் மாறி என்று எண்ணி வெறுமையாக்கிவிடும். ஷேடோவில் போய் உட்காருவது பாதி ஹேஷ். ஒற்றை மேற்கோள் மட்டுமே. பிறகு எண்ணிப் பாருங்கள்: சால்ட்டுக்குப் பின் வரும் பகுதி ஷா-512க்கு 86 எழுத்து, ஷா-256க்கு 43, எம்டி5க்கு 22. ஒன்று குறைந்தாலும் நகலெடுத்ததில் பிழை.

சோதிக்கும்போது ரூட்டிலிருந்து எஸ்யூ (வேறு பயனராக மாறும் கட்டளை) செய்து 'வேலை செய்கிறது' என்று சொல்லிவிட வேண்டாம். ரூட்டிடம் கடவுச்சொல் கேட்பதே இல்லை. எஸ்எஸ்எச் சாவியால் நுழைந்தாலும் ஹேஷ் சோதிக்கப்படவில்லை. கடவுச்சொல் தெரிந்த ஒரு சோதனைக் கணக்கைப் பழைய சர்வரிலேயே உருவாக்கி, மற்றவர்களுடன் சேர்த்து நகர்த்தி, இன்னொரு சாதாரணப் பயனரிடமிருந்து எஸ்யூ செய்யுங்கள். தோற்றால் ஓபன்எஸ்எஸ்எல்லின் பாஸ்வேர்டு துணைக்கட்டளைக்கு அதே சால்ட்டைக் கொடுத்துக் கையால் ஹேஷ் எடுத்து ஒப்பிடுங்கள். பொருந்தினால் கோளாறு ஹேஷில் இல்லை. பாமில், கோப்பு அனுமதியில், அல்லது கணக்கு பூட்டப்பட்டிருக்கிறதா என்பதில் தேடுங்கள். பைத்தானின் கிரிப்ட் தொகுதியை நம்பிய பழைய ஸ்கிரிப்டுகள் 3.13இல் ஓடாது, அந்தத் தொகுதி நீக்கப்பட்டுவிட்டது.

ஷேடோவை நகர்த்தினால் எல்லாம் வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். விண்டோஸ் கணினிகளுடன் கோப்பு பகிரும் சாம்பா தனக்கென்று எம்டி4 வழியில் ஆன என்டி ஹேஷை வேறு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது, ஷேடோவிலிருந்து அதை உருவாக்க முடியாது. வலையமைப்பு உள்நுழைவு முறையான கெர்பரோஸின் சாவிக்கும் மூலக் கடவுச்சொல் தேவை. பயனர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஃப்ரீஐபிஏவுக்குப் போகிறவர்கள் இடமாற்றப் பயன்முறையை இயக்கிவைத்தால், பயனர் முதல்முறை கடவுச்சொல் கொடுக்கும் நேரத்தில் அந்தச் சாவி உருவாகும்.

பழைய ஹேஷ் வேலை செய்கிறது என்பதற்காக அப்படியே விட்டுவிடலாமா? டெஸ் என்றால் கூடவே கூடாது. அது முதல் 8 எழுத்தை மட்டுமே பார்க்கும். 15 எழுத்துக் கடவுச்சொல் வைத்திருப்பவர் 8 எழுத்தை அடித்தாலே கதவு திறக்கும், நகர்த்திய பிறகும் அப்படித்தான். சில வலைச் செயலிகள் உள்நுழையும் நேரத்திலேயே புது முறைக்கு மாற்றிக்கொள்ளும். பாம் யூனிக்ஸ் அப்படிச் செய்யாது. பயனர் கடவுச்சொல்லை மாற்றினால்தான் ஹேஷும் மாறும்.

இதற்காக எல்லாரையும் ஒரே நாளில் சேஜ் கட்டளையால் காலாவதியாக்குவது இரவில் தொலைபேசி அடிக்க வைக்கும் வழி. கடவுச்சொல் காலாவதியான கணக்கின் கிரான் வேலைகளைப் பாமின் கணக்குச் சோதனை தடுத்துவிடும். தானாக இயங்கும் எஸ்எஃப்டிபி கோப்புப் பரிமாற்றங்களும் புதுக் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நின்றுபோகும். முதலில் சேவைக்கணக்குகளைப் பிரித்து விலக்குங்கள். மற்றவர்களுக்குக் கடவுச்சொல் செல்லும் அதிகபட்ச நாளைக் குழு குழுவாகக் குறைத்து, எச்சரிக்கை நாட்களை 14 ஆக வையுங்கள்.

கெடு முடிந்ததும் ஷேடோவில் இன்னும் $1$ உள்ளவர்களையும் 13 எழுத்து உள்ளவர்களையும் வடிகட்டிப் பாருங்கள். அவர்களில் பலர் வேலையை விட்டுப் போனவர்களாக இருப்பார்கள். பூட்டும்போது யூசர்மாட்டின் பூட்டுத் தெரிவு ஹேஷுக்கு முன் ஒரு ஆச்சரியக்குறி மட்டுமே போடும். பாம் வழியாக இயங்கும் எஸ்எஸ்எச்சில் சாவி வைத்திருப்பவர் தடையின்றி நுழைவார். கணக்கின் காலாவதித் தேதியை 1 என்று, அதாவது 1970 ஜனவரி 2 என்று வைத்தால் அந்த வழியும் அடைபடும். 0 வைக்காதீர்கள், சில இடங்களில் அதற்குக் காலாவதியே இல்லை என்று பொருள்.